நாகப்பன் கிராணியின் ஐந்து தட்டு

சாய்கோடு, எஃப், எஸ், என்டர், ஆர். பேச்சை நிறுத்தாமலே ஐந்து விசைகளையும் தட்டிவிடுகிறார் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் நாகப்பன் கிராணி. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் டிஸ்க் கிர்ரென்று சுழல்கிறது. அந்தச் சத்தம் ஓயும்வரை காதைச் சாய்த்துக் கேட்கிறார். பிறகுதான் அடுத்த வரி. "இப்பத்தானே சேவ் பண்ணீங்க, மறுபடியுமா லா?" என்று எதிர் மேசைத் திலகம் சிரிக்கிறாள். "தட்டினா என்ன, விரல் தேஞ்சா போவுது?" என்கிறார்.

வயது ஐம்பதைத் தொடுகிறது. மலைக்குளிருக்கு மனைவி பின்னிக்கொடுத்த ஸ்வெட்டர், முழங்கையில் ஓட்டை. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை தேயிலை, மனிதர் குடிப்பதோ பால் சேர்க்காத கோப்பி ஓ. சாயங்காலம் வீட்டுக்குப் புறப்படும்போது கம்ப்யூட்டருக்கும் குளிருமே என்று ஒரு பழைய சால்வையைப் போர்த்திவிட்டுப் போவார். யார் கேலி செய்தாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

கம்ப்யூட்டர் வந்த புதிதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. பேப்பரைக் கண்டாலே முகத்தைச் சுளித்தார். "இதுல ஏத்தியாச்சுன்னா கல்லுல வெட்டுன மாதிரி லா. எமனே வந்தாலும் அழிக்க முடியாது" என்று பக்கத்து டவுன் தானா ராத்தா கடைத்தெரு வரைக்கும் போய்ப் பீற்றிக்கொண்டார். சேவ் பண்ணாதவரை அது வெறும் வெளிச்சம்தான் என்பதை எண்பத்தெட்டில்தான் கற்றுக்கொண்டார்.

அந்த வருஷம் தொழிலாளர்கள் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடியிருந்த பழைய லயத்தை இடித்துவிட்டுத் தனித்தனி வீடு கட்டினார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் சின்னக் கிராணியாக லாரியில் வந்து இறங்கிய நாளிலிருந்து பார்த்த லயம் அது. வீட்டுக்கு வீடு தடுப்புச் சுவர் உண்டு, ஆனால் அது கூரையைத் தொடாது. இந்த வீட்டில் இருமினால் அடுத்த வீட்டிலிருந்து வெந்நீர் வரும். ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் பத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் பசிக்கும். சண்டை போட்ட புருஷனும் பெண்டாட்டியும் சமாதானமானது கூட நாலு வீட்டுக்குத் தெரியும்.

புது வீடுகளை ஆள் நம்பர் வரிசைப்படி கொடுப்பதாக முடிவானதும் எல்லாருக்கும் பக்கென்றது. பழகிய பக்கத்து வீடு போய்விடுமே! தோட்டத்து நிர்வாகியான துரை இறங்கி வந்தார். ஆளுக்கு ஆள் பேசி மாற்றிக்கொள்ளலாம், ஒரு நாள்தான் அவகாசம் என்றார். நாகப்பன் கம்ப்யூட்டரில் வீட்டுக்கு ஒரு கட்டமாக, மலைச்சரிவில் நிற்கிற மாதிரியே வைத்திருந்தார். கொழுந்து நிறுத்துப் போட்டதும் ஜனங்கள் ஆபீஸ் ஜன்னலை மொய்த்தார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல அவர் பெயர்களை மாற்றினார். மாற்றியதையே மறுபடி மாற்றினார்.

கடைசியாக வந்தவள் மாரியம்மா. கண் முக்கால்வாசி போய்விட்டது, பிள்ளை குட்டியும் இல்லை. நம்பர்படி அவளுக்கு விழுந்தது பள்ளத்தோரத்து வீடு, குணவதிக்கோ மேட்டு வீடு. "என்னைய குணவதி பக்கத்துல போட்டுடுங்க கிராணி. அவ குரலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் நடமாடுறேன்" என்றாள். நாகப்பன் போட்டார். அவள் படியிறங்கிக்கூட இருக்கமாட்டாள். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் காற்றாடிகளை ஒரே நேரத்தில் போட்டார்கள். மின்சார எஞ்சின் திணறியது, விளக்கு மங்கியது, திரை இருண்டது.

மின்சாரம் மறுபடி வந்தபோது திரையில் இருந்தது பழைய நம்பர் வரிசை. அத்தனை நேரமும் அவர் ஒரு தடவைகூடச் சேவ் பண்ணியிருக்கவில்லை. யார் யாரோடு மாற்றிக்கொண்டார்கள் என்று நினைத்துப் பார்த்தார். பாதிக்கு மேல் எல்லாம் குழம்பியது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் துரை பட்டியலோடு கோலாலம்பூர் போகிறார். அங்கே கையெழுத்தாகிவிட்டால் அப்புறம் அசைக்க முடியாது. மாரியம்மாவும் அந்தப் பள்ளமும் கண்ணுக்குள் வந்தன. அன்று இரவு அவர் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

விடிகாலைப் பெரட்டில், பனிக்குள் ஆள்கள் வரிசை கட்டி நின்றபோது, நாகப்பன் ஆபீஸ் படியேறிக் கை கூப்பினார். "நேத்து போட்டதெல்லாம் போச்சு. தப்பு என்மேலதான்."

"கல்லுல வெட்டுனேன்னீங்களே கிராணி?" என்றார் அய்யாசாமி கங்காணி. ஒருவரும் சிரிக்கவில்லை.

நிற்கிற அந்த வரிசைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்குத் திடீரென்று பொறி தட்டியது. "எனக்குத்தான் ஞாபகமில்ல. உங்க பக்கத்து வீடு யாருன்னு உங்களுக்குத் தெரியுமே! மேட்டு வரிசை படிக்கட்டுப் பக்கம், பள்ளத்து வரிசை ரோட்டுப் பக்கம். வீட்டுக்கு ஒருத்தர், அவங்கவங்க பக்கத்து வீட்டுக்காரங்களோட போய் நில்லுங்க!"

களம் கலைந்தது, மறுபடி கூடியது. நம்பரை மறந்தவர்கள் உண்டு, பக்கத்து வீட்டை மறந்தவர் ஒருவரும் இல்லை. காய்கறி போட நல்ல மண் உள்ள மூலை வீட்டுக்குச் சிங்காரம் நைசாக நகர்ந்தான். "எங்க வர்ற? உன் வீடு கடைசியில லா!" என்று நாலு பேர் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். குணவதி கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்ற மாரியம்மா, "கிராணி, நான் சரியா நிக்கிறேனா?" என்று பனியைப் பார்த்துக் கேட்டாள். "சரியா நிக்கிறம்மா, அசையாத" என்றார் நாகப்பன். ஒரு தேயிலைப் பெட்டிப் பலகையில் சாக்குக்கட்டியால் அத்தனை பேரையும் எழுதிக்கொண்டு ஓடினார். துரையின் ஜீப் வாசலில் உறுமிக்கொண்டு காத்திருக்க, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முறை ஐந்து விசைகளையும் தட்டினார். அன்று வந்த பழக்கம்தான் இது.

இப்போது லயம் இருந்த இடத்தில் தேயிலைக் கன்றுகள் வளர்கின்றன. வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் போகும்போது அந்தப் பக்கம் பார்க்கமாட்டார், மனசு தாங்காது. புது வீடுகள் வந்ததும் வேகத்தைக் குறைப்பார். இன்றைக்கும் குறைக்கிறார். "மாரியம்மாக்கா, ரசம் வச்சிருக்கேன். கிண்ணத்தை எடுத்துக்கிட்டு வாங்க" என்று வேலிக்கு அந்தப் புறமிருந்து குணவதி கூப்பிடுகிறாள். கிண்ணத்தை ஏந்திக்கொண்டு அந்தக் குரலை நோக்கி மாரியம்மா தடுமாறாமல் நடக்கிறாள்.

நாகப்பன் மோட்டாரை நிறுத்துகிறார். பெட்ரோல் டாங்கியின் மேல் ஐந்து முறை விரலால் தட்டுகிறார். பிறகு காதைச் சாய்த்துக் கேட்கிறார்.