மேனேஜர் கதவைத் தட்டிய நாள்

1. தட்டு, சொல்லு, நில்லு

ஹோட்டல் வேலையில் சேர்ந்த முதல் நாள் எங்களுக்கு மெத்தை விரிக்கச் சொல்லித்தரவில்லை. கதவைத் தட்டத்தான் சொல்லித்தந்தார்கள். பெங்களூரில் பழைய மெட்ராஸ் ரோட்டுப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டல் அது. எனக்கு வீடு ஜோகுபாளையத்தில் என்பதால் நடந்தே போய்விடுவேன்.

விரல் முட்டியால் மூன்று தட்டு தட்ட வேண்டும். "ஹவுஸ்கீப்பிங்" என்று குரல் கொடுக்க வேண்டும். பிறகு "மே ஐ கம் இன்?" என்று கேட்டுவிட்டு நிற்க வேண்டும். உள்ளேயிருந்து "யெஸ்" வந்தால் போகலாம். "கம் லேட்டர்" என்று வந்தால் முகம் கோணாமல் டிராலியைத் தள்ளிக்கொண்டு அடுத்த ரூமுக்குப் போக வேண்டும். கைப்பிடியில் சிவப்பு டிஎன்டி அட்டை தொங்கினால், உள்ளே இருப்பவர் தொந்தரவு வேண்டாம் என்கிறார் என்று பொருள். அந்தக் கதவைத் தட்டவே கூடாது.

"பர்மிஷன் இல்லாம ஒரு கதவ திறந்தீங்கன்னா, அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம். நானா இருந்தாலும் அதே ரூல்தான்," என்றார் மேனேஜர் பிரகாஷ். கடைசி வாக்கியத்தை மட்டும் நான் நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

2. நம்பர் இல்லாத ரூம்

பேஸ்மென்டில் லினன் ரூம் இருந்தது. துவைத்து வந்த பெட்ஷீட், டவல் எல்லாம் அங்கேதான் அடுக்கியிருக்கும். அந்த அலமாரிகளுக்கு நடுவில்தான் பெண்கள் நாங்கள் யூனிஃபார்ம் மாற்றுவோம். அந்தக் கதவுக்கு நம்பரும் கிடையாது, தாழ்ப்பாளும் கிடையாது.

காலை பிரீஃபிங்குக்கு முன்னால் பிரகாஷ் சார் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு வருவார். "பேக, பேக. சீக்கிரம், டைம் ஆச்சு," என்று கன்னடமும் தமிழுமாக விரட்டுவார். கைக்குக் கிடைத்த பெட்ஷீட்டை நாங்கள் இழுத்துப் போர்த்திக்கொள்வோம். அவர் கெட்ட எண்ணத்தோடு வந்தவர் இல்லை, பார்வை எப்போதும் சுவர்க் கடிகாரத்தில்தான் இருக்கும். அந்தக் கதவுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

தாழ்ப்பாள் கேட்டுப் பார்த்தோம். "லாட்ச் போட்டுக் குடுத்தா உள்ள படுத்துத் தூங்குவீங்க," என்று முடித்துவிட்டார்.

எங்களோடு தனலட்சுமி என்று ஒருத்தி இருந்தாள். பொம்மனஹள்ளியிலிருந்து பஸ் மாறி வருவாள், இரண்டு பிள்ளைகள். சேர்ந்த வாரமே கதவு அப்படித் திறந்ததில் அவள் உடம்பு கூசிப்போய்விட்டது. மறுநாளிலிருந்து வீட்டிலேயே யூனிஃபார்ம் போட்டு, மேலே சால்வை சுற்றிக்கொண்டு வந்தாள். யூனிஃபார்ம் ஹோட்டல் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். செக்யூரிட்டி பிடித்துக் கொடுத்தார், மெமோ வந்தது. இன்னொரு முறை பிடிபட்டால் வேலை போய்விடும்.

"வேலை வேணும்க்கா. ஆனா அந்த ரூம்ல என்னால துணி மாத்த முடியாது," என்றாள்.

"நாளைக்கு சாதா டிரஸ்ல வா. அந்த ரூம்லயே மாத்திக்க. கதவ நான் பாத்துக்கறேன்," என்றேன். அந்த நேரம் சூப்பர்வைசர் வேலைக்கு என் பெயரும் அடிபட்டுக்கொண்டிருந்தது. இருந்தாலும் வாய் முந்திவிட்டது.

3. கம் லேட்டர்

மறுநாள் மாடியில் சாமான் வைக்கும் ஃப்ளோர் பேன்ட்ரியிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்து வந்து லினன் ரூம் கைப்பிடியில் மாட்டினேன். உள்ளே போய் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன்.

அன்றைக்குப் பார்த்து, புதிதாக வந்த டிரெய்னிங் பிள்ளைகளை பிரகாஷ் சார் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். தட்டு, சொல்லு, நில்லு என்று அவர் நடத்தும் பாடம் காரிடாரிலிருந்து எங்களுக்குக் கேட்டது. பாடம் முடிந்ததும், பழக்க தோஷம், எங்கள் கதவை அப்படியே தள்ளினார். ஒரு விரற்கடை திறந்து, என் முதுகில் இடித்து நின்றது.

"யாரும்மா அது, கதவ புடிச்சிக்கிட்டு?"

ரூமில் தங்குகிறவர்கள் கேட்கும் அதே தோரணையில் கேட்டேன். "ஹூ இஸ் இட், ப்ளீஸ்?"

"நான்தான்மா, பிரகாஷ்," என்றார்.

"சார், ரெட் கார்டு மாட்டினு இருக்குது. உள்ள லேடீஸ் டிரஸ் மாத்தினு இருக்காங்க."

டிரெய்னிங் பிள்ளைகளில் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. சார் கத்தியிருக்கலாம். ஆனால் அப்போதுதான் அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருந்தார். கதவை மெல்ல இழுத்து மூடினார். மூன்று தட்டு கேட்டது.

"ஹவுஸ்கீப்பிங். மே ஐ கம் இன்?"

நான் தனலட்சுமியைப் பார்த்தேன். பாதி பட்டன் போட்டபடி நின்றிருந்தாள். பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான் என்று கையைக் காட்டினேன். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"கம் லேட்டர், சார்."

எத்தனையோ கதவுகளுக்கு வெளியே நின்று நாங்கள் கேட்ட சொல் அது. எங்களில் ஒருத்தி அதைச் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். எனக்கு விசில் அடிக்கலாம் போலிருந்தது.

அவர் நின்றார். நின்றது மட்டுமில்லை, "பாத்துக்கங்க, இப்படித்தான் வெயிட் பண்ணணும்," என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சமாளித்தும்விட்டார். நிதானமாகப் பட்டன் போட்டோம், கொண்டை போட்டோம், பெயர் பட்டையைக் குத்திக்கொண்டோம். அவர் மறுபடி தட்டியபோது அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னோம். "யெஸ் சார், ப்ளீஸ் கம் இன்."

மத்தியானம் என்னைக் கேபினுக்குக் கூப்பிட்டார். "எல்லார் முன்னாடியும் என்ன வெளிய நிக்க வெச்சிட்டியேம்மா."

"நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியேதான் நின்னீங்க சார். கரெக்டா நின்னீங்க."

அவர் போனை எடுத்து மெயின்டனன்ஸைக் கூப்பிட்டு, லினன் ரூமுக்கு ஒரு லாட்ச் போடச் சொன்னார். தனலட்சுமிக்கு இரண்டாவது மெமோ வரவே இல்லை. சூப்பர்வைசர் வேலை அந்த முறை வேறொருவருக்குப் போனது. அடுத்த முறை எனக்கு வந்தது, சிபாரிசு செய்தவரும் பிரகாஷ் சார்தான்.

4. இப்போது

இன்றைக்கு அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு நானும் முதலில் கதவைத்தான் சொல்லித்தருகிறேன். "மே ஐ கம் இன்" என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம், பதில் வரும்வரை நிற்கிறோமா என்பதுதான் விஷயம் என்று சொல்வேன். தட்டுகிறவர் மேனேஜராக இருந்தாலும் உள்ளே இருப்பவர் "கம் லேட்டர்" சொல்லலாம் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

போன மாதம் ஒரு கல்யாண பார்ட்டி சீக்கிரமே வந்து இறங்கிவிட்டது. டவல் போதவில்லை. வாக்கி டாக்கி அலற அலற லினன் ரூமுக்கு ஓடினேன். தட்டினேன், கேட்டேன். அந்த வாரம்தான் சேர்ந்த ஒரு பெண்ணின் குரல் உள்ளேயிருந்து வந்தது.

"கம் லேட்டர், மேடம்."

அந்தக் குரலில் துளிப் பயம் இல்லை. வாக்கி டாக்கியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, சுவரோரமாகச் சிரித்துக்கொண்டே நின்றேன்.