கொச்சியில் ஓர் இரவு நிற்கும் கப்பல்

சொகுசுக் கப்பலில் போக வேண்டும் என்ற ஆசை எனக்கு எப்போதும் இருந்ததில்லை. மும்பையில் ஏறி, கோவா, கொச்சி என்று போய்த் திரும்பும் கப்பலில் நான் இடம் பதிவு செய்ததற்கு ஒரே காரணம், அது கொச்சியில் ஓர் இரவு முழுக்க நிற்கும் என்பதுதான். கொச்சியில் என் மகள் இருக்கிறாள்.

மகளைப் பார்க்க நேராகவே போகலாமே என்று கேட்கலாம். அவளுடைய அம்மா இருந்தவரை அவர்கள் இருவரும்தான் பேசிக்கொள்வார்கள். செய்தி எனக்கு அவள் அம்மா வழியாக வந்து சேரும். அம்மா போன பிறகு, மகள் புனேயை விட்டு கொச்சியில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் போன் செய்வேன்.

"சாப்டியா கண்ணு?"

"சாப்டேன் பா. நீங்க?"

"ஆச்சு. அங்க மழைங்களா?"

"இல்ல பா."

அதற்குப் பிறகு யார் முதலில் வைப்பது என்று இருவரும் காத்திருப்போம். மகளை 'ங்க' போட்டுக் கேட்பது எங்கள் கோயம்புத்தூர் வழக்கம். புனேயில் வளர்ந்த அவளுக்கு அது இன்றும் சிரிப்பு.

இரண்டு முறை வரட்டுமா என்று கேட்டேன். ஒரு முறை, "இப்ப சாஃப்ட்வேர் ரிலீஸ் டைம் பா" என்றாள். இன்னொரு முறை, "ரூம்மேட் இருக்கா, உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றாள். அதை நாகரிகமான மறுப்பு என்று எடுத்துக்கொண்டேன். மூன்றாவது முறை கேட்க வாய் வரவில்லை. வழியில் போகிறவன் எட்டிப் பார்ப்பதை யாரும் மறுக்க முடியாது. திரும்பிப் போகும் நேரம் முன்பே முடிவான விருந்தாளியால் யாருக்கும் சுமை இல்லை. இப்படி யோசித்துத்தான் கப்பலுக்கு வந்தேன்.

யோசனையைக் கொடுத்தவர் புனே வானவடியில் எங்கள் கட்டடத்தில் கீழ்மாடிக்காரர். லோஹேகாவ் விமானப் படைத் தளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், திருநெல்வேலிப் பக்கம். மனைவியோடு ஏற்கெனவே கப்பலில் போய் வந்தவர். சாயங்கால நடையில் எனக்கு வகுப்பே எடுத்தார்.

"ராத்திரி தங்குத போர்ட் இருக்கான்னு மொதல்ல பாருங்க சார். மத்த ஊர்ல எல்லாம் நாலு மணி ஆச்சுன்னா ஆட்டைப் பட்டில அடைக்க மாதிரி உள்ள அடைச்சிருவாம்லா."

"கொச்சில ராத்திரி நிக்குதுங்க."

"அப்பம் சரி. கப்பல்காரன் டூர் பஸ்ல ஏறிராதிய. ராச்சாப்பாட்டை வெளிய வச்சுக்கோங்க. துறைமுகக் கேட்டை ஒரு போட்டோ புடிச்சு வச்சுக்கிட்டா ஆட்டோக்காரன்ட்ட காட்டலாம். அப்புறம், ராத்திரி உள்ள வந்துதான் படுக்கணும்னு ஒண்ணும் கெடையாது, தெரியும்லா? மறுநாள் கெளம்புததுக்கு முன்னால வந்தாப் போதும்."

"அப்படிங்களா?"

"அதுக்குத்தான சார் ராத்திரி நிப்பாட்டுதான்!"

அவர் கடைசியாகச் சொன்னதை மட்டும் நான் மகளிடம் சொல்லவில்லை. "சாயங்காலம் கொஞ்ச நேரம் ஊரைச் சுத்திப் பாத்துட்டு, ராத்திரி கப்பல்லயே போய்ப் படுத்துக்கறேன். உனக்கு ஒரு தொந்தரவும் இல்ல" என்றேன்.

"க்ரூஸா? நீங்களா பா? அரே வாஹ்!" என்று சிரித்தாள். "கர்ச்சீஃபைக் கூட அயர்ன் பண்ணி எடுத்துட்டுப் போவீங்க, ஹை நா?"

கைக்குட்டைகளை உண்மையில் இஸ்திரி போட்டுத்தான் எடுத்துவைத்தேன். ராணுவக் கணக்கு அலுவலகத்தில் தணிக்கைப் பிரிவில் இருப்பவன் நான். எந்தப் பயணத்துக்கும் போகிற நோக்கம் என்ன, அது நிறைவேறியதா என்று கேட்டே பழகியவன். ஊர் பார்க்க வருகிறேன் என்று சொல்லியாகிவிட்டது. ஆகவே பார்க்க வேண்டிய இடங்களை வரிசைப்படுத்தி, எது எப்போது மூடும், எதிலிருந்து எதற்குப் படகு என்று எல்லாம் தெரிந்துகொண்டேன்.

கப்பலில் என் அறையில் இரண்டு கட்டில்கள். அறையைச் சுத்தம் செய்பவர் தினமும் இரண்டிலும் விரிப்பு மாற்றி, துண்டை யானை போல மடித்து கட்டிலுக்கொன்றாக வைத்துவிட்டுப் போவார். ஓர் ஆள்தான் என்று சொன்னேன். சரி என்றார். மறுநாளும் இரண்டு யானைகள் இருந்தன. பிறகு சொல்லவில்லை.

கொச்சியில் கப்பல் நின்றதும் முதல் வரிசையில் இறங்கினேன். துறைமுகக் கேட்டைப் படம் எடுத்துக்கொண்டு, டாக்சி பிடித்து காக்கநாடு போனேன். மகள் கதவைத் திறந்தாள். தலைமுடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். நன்றாக இருந்தது. சொல்ல நினைத்து, பிறகு சொல்லலாம் என்று விட்டேன்.

"உன்ற ரூம்மேட் எங்க?"

"ஃப்ரெண்ட் வீட்டுக்குப் போயிருக்கா. கல் ஆயேகி."

நாளைக்குத்தான் வருவாள் என்கிறாள். அந்தப் பெண்ணின் அறை திறந்திருந்தது. கட்டிலில் புது விரிப்பு. கடையில் மடித்த கோடுகள் இன்னும் போகவில்லை. காலடியில் ஒரு துண்டு. பக்கத்து ஸ்டூலில் தண்ணீர் பாட்டில், கொசுவத்தி மெஷின்.

"யாராச்சும் வர்றாங்களா?" என்று கேட்டேன்.

"நஹி தோ. யாரும் இல்ல, சும்மா."

சமையலறையில் குக்கர் அப்போதுதான் அடங்கியிருந்தது. சாம்பார் வாசனை வந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இப்போது கிளம்பினால்தான் ஃபோர்ட் கொச்சியில் சூரியன் மறைவதைப் பார்க்கலாம். ராத்திரிச் சாப்பாட்டையும் வெளியிலேயே முடிக்கலாம் என்றேன். அவள் குக்கரைத் திரும்பிப் பார்த்தாள்.

"டீ கூடக் குடிக்காமயா?"

"வழில குடிச்சுக்கலாம் கண்ணு."

சாம்பாரை ஒரு டப்பாவில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டாள்.

போக்குவரத்து நெரிசலில் பாதி நேரம் போனது. படகுத் துறையில் வரிசை. காலையிலிருந்து வேலை பார்த்தவள் படகில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். சீன வலைகளுக்கு முன்னால் என்னை நிறுத்திப் படம் எடுத்தாள்.

"சிரிங்க பா. இது பாஸ்போர்ட் ஆஃபீஸ் இல்ல."

சிரித்தேன். "அய்யோ, வேண்டாம், பழைய மாதிரியே இருங்க" என்றாள். அன்று நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான். பிறகு கரைச் சுவரில் உட்கார்ந்தோம். மேற்கே கடலுக்கு மேல் வெளிச்சம் இன்னும் இருந்தது.

"அப்பா, நான் ஒண்ணு யோசிச்சிட்டு இருக்கேன்" என்றாள். "இந்த வேலை..."

எனக்கு அந்த நேரத்தில் தேவாலயம் நினைவுக்கு வந்தது. பழைய காலத்துத் தேவாலயம். மூடும் நேரம் நெருங்கிவிட்டது.

"நடந்துக்கிட்டே பேசலாம் கண்ணு. சர்ச்சை மூடிருவாங்க" என்று எழுந்தேன்.

நடந்தோம். தேவாலயம் மூடியிருந்தது. சாப்பிட்ட ஓட்டலில் பாட்டுச் சத்தம். ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கவில்லை. விட்ட இடத்தில் இருந்து அவள் தொடரவில்லை. நானும் கேட்கவில்லை.

அங்கிருந்து துறைமுகம் பக்கம், காக்கநாடு தூரம். ஆட்டோவில் கேட் வரைக்கும் வந்தாள்.

"உள்ள போய்த்தான் படுக்கணுமா பா?"

அவள் அதைச் சாதாரணமாகத்தான் கேட்டாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆனால் தொந்தரவு இல்லை, தொந்தரவு இல்லை என்று ஒரு மாதமாகச் சொல்லி வந்தவனுக்கு அந்த வார்த்தை உடனே வரவில்லை.

"அங்கதான் ரூம் இருக்குதே கண்ணு. உனக்கும் காலைல வேலை இருக்கும்."

"ஹாம், சரி பா" என்றாள். ஆட்டோ திரும்பியது.

கப்பலில் சாப்பாட்டுக் கூடம் அநேகமாகக் காலி. அத்தனை மேசைகளிலும் தட்டும் முள்கரண்டியும் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. பரிமாறுகிறவர் ரத்னாகிரிக்காரர், நான் புனேயிலிருந்து வந்தவன் என்று என்னிடம் மராத்தியில் பேசுவார். ஏன் திரும்பி வந்துவிட்டீர்கள் என்று கேட்டார். ஊரில் தெரிந்தவர்கள் இருக்கிறவர்கள் எல்லாம் இன்று அங்கேயே தங்கிவிடுவார்களாம். எனக்கு யாரும் இல்லையா என்று கேட்டார். தேநீர் மட்டும் போதும் என்றேன்.

அறைக்கு வந்தேன். எனக்குப் பக்கத்துக் கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தது. அதைப் பார்த்தபோதுதான், மகள் வீட்டு விரிப்பில் இருந்த மடிப்புக் கோடுகள் யாருக்காக என்று எனக்குப் புரிந்தது. தணிக்கைக்காரன் கண்ணில் துண்டு, பாட்டில், கொசுவத்தி எல்லாம் பட்டன; எதற்கு என்பது மட்டும் படவில்லை. நாட்குறிப்பில் அன்று பார்த்த இடங்களை எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை.

காலையில் பல் துலக்கியதும் போன் செய்தேன்.

"கண்ணு, கப்பல் மத்தியானந்தான் கெளம்புது."

"தெரியும் பா. வெப்சைட்ல போட்டிருக்கு."

"தெரிஞ்சுமா நீ ஒண்ணும் சொல்லல?"

"நீங்கதான் தொந்தரவு, தொந்தரவுன்னு... எனக்கு என்ன தோணிச்சுன்னா, உங்களுக்குத்தான் இங்க இருக்கப் பிடிக்கல."

போனில் அவள் பக்கம் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது. அவள் ஏற்கெனவே கிளம்பிவிட்டாள் என்று தெரிந்தது. ஆனாலும் கேட்டேன்.

"இப்ப வரட்டுமா?"

"ஹாஃப் டே லீவ் போட்டிருந்தேன் பா. நேத்து நைட்டே கேன்சல் பண்ணிட்டேன். மீட்டிங் இருக்கு."

"நேத்து வேலையப் பத்தி ஏதோ சொல்ல வந்தியே."

"ஃபோன்ல வேண்டாம்."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"இன்னொரு தடவை வாங்க. ஷிப் விப் எல்லாம் வேண்டாம், ட்ரெயின்ல வாங்க. அப்புறம், எப்ப கெளம்பறீங்கன்னு வந்த ஒடனே சொல்லாதீங்க. சொன்னா எனக்கு அதுவே மண்டைல ஓடிட்டு இருக்கும்."

"சரி கண்ணு" என்றேன். "முடி வெட்டுனது நல்லா இருக்குது."

"ஓ, பாத்தீங்களா?" என்றாள்.

மற்றவர்கள் மத்தியானம் பைகளோடும் வாழைக்காய் வறுவல் பொட்டலங்களோடும் வந்து ஏறினார்கள். கப்பல் கிளம்பும்போது எல்லாரும் மேல்தளத்தில் நின்று ஊருக்குக் கைகாட்டினார்கள். நான் ஒரு பக்கமாக நின்றிருந்தேன்.

வானவடிக்குத் திரும்பி அலுவலகத்தில் விடுப்புக் கேட்பதற்கு இரண்டு வாரம் ஆயிற்று. கொச்சிக்கு ரயிலில் போவதற்கு மட்டும் பயணச்சீட்டு எடுத்தேன். பால்காரரிடம் நாளை முதல் பால் வேண்டாம் என்று சொன்னேன்.

"பரத் கதி யேணார், சாஹேப்?" என்று கேட்டார். எப்போது திரும்புவீர்கள் என்று.

தெரியாது என்றேன். இத்தனை வருடத்தில் என்னிடமிருந்து அவர் கேட்டிராத பதில் அது. சைக்கிளில் ஏறாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று விசாரித்துவிட்டுப் போனார்.