தட்டில் வைத்த மூடி

தெப்ராவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் கணினிப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. பீரோ உயரத்தில் இரண்டு மினி கம்ப்யூட்டர்கள் எங்களிடம் இருந்தன. ஒன்று உற்பத்திக்கு, மற்றது ஏற்றுமதிக்கு. பன்னிரண்டு பிசிக்களை ஒரே கேபிளில் கோத்து அந்த இரண்டோடும் பேச வைக்க வேண்டும். கேபிள் இழுத்தவர் உலு திராமிலிருந்து வந்துபோகும் ஒப்பந்த டெக்னீஷியன்; இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. காலை பத்து மணிக்கு மேலாளர் வந்து பார்ப்பார். ஓடினால் அவருக்கு நிரந்தர வேலை. ஓடாவிட்டால் அந்த வாரத்தோடு சரி.

முந்தின நாள் மாலை சோதித்தபோது எல்லாம் ஒழுங்காக ஓடியது. அன்று ஆயுத பூஜை. சாமி கும்பிட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனோம்.

காலை ஒன்பது மணிக்குத் திறந்தால் ஒரு பிசிகூட மினியோடு பேசவில்லை. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"என்ன வேலை பாத்தீங்க நீங்க? நேத்து ஓடுச்சு, இன்னிக்கு மொத்தமா செத்துக் கிடக்கு!"

"அலமாக், நான் தொடவே இல்லைக்கா. நேத்து விட்டமாதிரியேதான் இருக்கு."

"தொடாம எப்படிச் சாகும்? வாய்க்கு மட்டும் கொறைச்சல் இல்ல லா உங்களுக்கு!"

ஆறு குமாஸ்தாக்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கோபம் வந்தால் என் வாய்க்கு முன்பின் தெரியாது.

அவர் மேசைகளுக்கு அடியில் ஊர்ந்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தார். பத்தாக இருபது நிமிடம் இருந்தபோது கடைசி மேசைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அக்கா, இங்க மூடியக் காணோம்."

கேபிளின் இரண்டு முனையிலும் விரல் நுனியளவு உலோக மூடி இருக்க வேண்டும். ஒன்று போனாலும் வரிசை முழுவதும் ஊமையாகிவிடும். பாவி, நான்தான் கழற்றினேன்! நேற்று சோதனை முடிந்து அவர் பூவும் பொரியும் வாங்கப் போயிருந்த நேரம். தொழில் செய்யும் கருவியை அம்பாள் முன்னால் வைக்க வேண்டும். மினியைத் தூக்கித் தட்டில் வைக்க முடியுமா? அதற்குப் பதிலாக அந்த மூடியை வைத்தேன். கும்பிட்டு முடித்ததும் திரும்ப மாட்ட மறந்தே போனேன்.

அலமாரி மேல் இருந்த பூஜைத் தட்டை இறக்கினேன். பொரிக்கு நடுவே சந்தனமும் குங்குமமுமாக மூடி கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சட்டையில் துடைத்து மாட்டினார். திரைகளில் பச்சை எழுத்துகள் வந்தன.

காலையில் எதுவும் ஓடவில்லை என்ற விஷயம் பத்து மணிக்கு வந்த மேலாளர் காதுக்கு ஏற்கெனவே போயிருந்தது. என்ன கோளாறு என்று கேட்டார்.

"ஒரு மூடி கழன்றிருந்தது" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். மேலாளர் டெக்னீஷியனை ஏற இறங்கப் பார்த்தார். இவ்வளவு கவனக்குறைவான ஆள் நமக்கு வேண்டாம் என்று என்னிடம் மலாயில் சொல்லிவிட்டு, பிசிக்களைப் பார்க்கப் போனார்.

நான் டெக்னீஷியனை மினி இருந்த அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"தப்பு என்னோடதுதான். மன்னிச்சிருங்க."

அவர் தன் கருவிப் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"ஏசுனது எல்லார் முன்னாடியும். மன்னிப்பு மட்டும் கதவச் சாத்திட்டா கேப்பீங்க?"

மேலாளர் இன்னும் வெளியேதான் நின்றிருந்தார். அவர் குரல் கேட்டது. குமாஸ்தாக்கள் ஆறு பேரும் இருந்தார்கள். பத்தடி நடந்தால் போதும். நான் நடக்கவில்லை. டெக்னீஷியன்தான் கதவைத் திறந்துகொண்டு போனார்.