சுப்பிரமணியும் திருக்கைப் புழுவும்

சுப்பிரமணிக்கு வேலை என்று எதுவும் கிடையாது. ஜவ்வாது மலையில் அக்கா கெங்கம்மாள் வீட்டுக் கயிற்றுக் கட்டில்தான் அவன் உலகம். ஒரு காலத்தில் புளி உலுக்க மரம் ஏறினானாம், கால் சுளுக்கிக்கொண்டதாம். சுளுக்கு எப்போதோ போய்விட்டது, ஆள்தான் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. அக்கா சாமைச் சோறு போடுவாள், இவன் உப்பு குறைச்சல் என்பான். தாய்மாமன் என்கிற ஒரே தகுதியை வைத்துக்கொண்டு, அக்கா மகள் அன்பரசியைக் கட்டுவது தன் உரிமை என்று வேறு சொல்லித் திரிந்தான்.

அன்பரசி கடற்கரை ஊரில் ஆராய்ச்சி செய்கிறவள். வெயிலே எட்டாத ஆழத்தில் திரியும் திருக்கை மீனின் குடலில் வாழும் புழுக்களைப் பற்றிய படிப்பு. பொங்கலுக்கு அவள் வந்ததும், முறை பேசி முடிக்க ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிவிட்டான் சுப்பிரமணி. மாப்பிள்ளை விவரமானவன் என்று அவர்களுக்குக் காட்ட வேண்டாமா? தானாகவே வாயைக் கொடுத்தான்.

"அந்தப் புழு இன்னா வேலை செய்யும், அன்பு?"

"ஒரு வேலையும் செய்யாது மாமா. கொக்கி போட்டு குடலப் புடிச்சிக்கும்."

"அப்ப சாப்பாடு?"

"அதுக்கு வாயும் இல்ல, வயிறும் இல்ல. திருக்கை தேடித் துன்றத, சும்மா இருந்துக்கினே ஒடம்பாலயே உறிஞ்சிக்கும்."

பெரியவர்கள் கட்டிலைப் பார்த்தார்கள். "நம்மாளுக்கு வாய் ஒண்ணுதான் கூடுதல்" என்றார் மூத்தவர் கருப்பன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

கெங்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "பொண்ணக் குடுக்க மாட்டேன்டா. சோறு வேணா போடறேன்" என்றாள், இருமிக்கொண்டே.

மானஸ்தனாக இருந்தால் அன்றே மலையை விட்டு இறங்கியிருப்பான். சுப்பிரமணிக்கோ சோறு என்ற சொல் காதில் விழுந்ததும் பாதி வருத்தம் போய்விட்டது. ஒரு சந்தேகம்தான் உறுத்தியது.

"திருக்கை செத்துட்டா, அந்தப் புழு?"

"அதுவும் கூடவே செத்துடும் மாமா."

அவன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். சாமை அறுப்பிலிருந்தே அக்கா இருமுகிறாள். இதுவரை அது அவன் தூக்கத்தைக் கெடுக்கும் சத்தமாக மட்டுமே இருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே அக்காவைப் போளூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். ஜன்னலோர சீட்டைக்கூட அவளுக்கே விட்டுக்கொடுத்தான். பஸ் ஏற்றிவிட வந்த பக்கத்து வீட்டு மங்கம்மாள், "என்னா இருந்தாலும் கூடப் பொறந்த பாசம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். "பயப்பட ஒண்ணுமில்ல. விறகுப் புகைதான் ஆகல. கொஞ்ச நாள் அடுப்புப் பக்கமே போகக் கூடாது."

சுப்பிரமணி பதறிப்போனான். "அப்ப எனக்குச் சோறு, டாக்டர்?"

முந்தின நாள் சிரிக்காத கெங்கம்மாள் இப்போது சிரித்தாள்.

"நீயே ஆக்குடா. நான் கட்டில்ல குந்திக்கினு உப்பு பாக்கறேன்."