கூடைக்குக் காய்

ஓனோஃப்ரே பிடிவாதக்காரர். மனைவி ஜுல்மிரா செத்துப்போன பிறகு அவர் பேச்சுக் கொடுத்ததெல்லாம் மாடுகளிடம்தான். ரொண்டோனியா மாநிலத்தில் அவர்களுக்குக் கிடைத்த நிலத்தின் பின்பாதிக் காட்டை ஜுல்மிரா கடைசிவரை தொட விடவில்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் மகள் ரோசில்டாவோடு கூடை எடுத்துப் போய், கஸ்தான்யா மரங்களிலிருந்து உதிர்ந்த, உள்ளே பருப்புள்ள கெட்டி ஓட்டுக் காய்களைப் பொறுக்கி வருவாள். அவள் போன பிறகும், நகரத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் அந்த ஒரு வாரத்துக்குத் தவறாமல் வந்தாள். அந்த வாரத்துக்காகத்தான் ஓனோஃப்ரே மற்ற வாரங்களைத் தள்ளினார்.

முன்பாதிக் காப்பித் தோட்டத்தை ஒற்றை ஆளாகப் பார்க்க முடியவில்லை. மாட்டுக்கு ஒரு ஆள் போதும், ஆனால் புல் வேண்டும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆகஸ்டில் பின்பாதிக் காட்டை வெட்டிக் கொளுத்தினார். கஸ்தான்யாவை வெட்டச் சட்டம் விடாது. சட்டம் இல்லாவிட்டாலும் வெட்டியிருக்க மாட்டார். மகள் வருவதே அதற்காகத்தானே? அங்கிருந்த மூன்று கஸ்தான்யா மரங்களையும் தீ படாமல் காப்பாற்றிப் புல்வெளி நடுவில் விட்டுவைத்தார். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு வேறு.

அடுத்த ஜனவரியில் மகளுக்குப் பிரசவம், வரவில்லை. இந்த ஜனவரியில் போன் செய்தாள்.

"அப்பா, காய் விழுதா?"

"கொட்டுது மகளே, வா!"

ஒன்றுகூட விழவில்லை. ஓடைக்கு அக்கரையில் இன்னும் காடு வைத்திருந்த பக்கத்து நிலத்துக்காரன் ஜெனிவால்டோ சிரித்தான். "பூவுக்கு வர்ற பெரிய வண்டு காட்டுலதாண்ணே குடியிருக்கும். அது வந்தாத்தான் காய் பிடிக்கும். வீட்டைக் கொளுத்திட்டு விருந்தாளியத் தேடுறியா?"

ஓனோஃப்ரே அவனுடைய காட்டிலேயே ஒரு மூட்டை காய் கேட்டு வாங்கிச் சுமந்துவந்து மரத்தடியில் பரப்பினார். மகள் படுக்கிற ஊஞ்சல் துணியைத் துவைத்துக் கட்டினார்.

ரோசில்டா வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு புல்வெளியைக் கடந்தாள். குனிந்து ஒரு காயை எடுத்தாள். அதில் முயல் அளவுள்ள கொறிவிலங்கு ஒன்றின் பல் பதிந்த ஓட்டை.

"கூட்டியா கொறிச்சிருக்கு. அது காட்டை விட்டு வெளியவே வராதேப்பா."

அவர் தொப்பியைக் கழற்றினார். "ஜெனிவால்டோகிட்ட வாங்கினேன். காய் இல்லேன்னா நீ வரமாட்டியோன்னு..."

"காய் எங்க ஊர்ச் சந்தையிலயே கிடைக்கும்பா. நான் வந்தது அம்மாகூட நடந்த அந்தப் பாதைக்கு. எங்க அது?"

அவர் கையை நீட்டினார். நீட்டிய பக்கமெல்லாம் புல்தான்.

அவள் அழுதாள், அவருக்கு அதுகூட வரவில்லை. கொண்டுவந்து போட்ட காய்களை அவர் மனம் நோகாதபடி கூடையில் நிரப்பிக்கொண்டு, வீட்டில் விட்டுவந்த குழந்தையைச் சாக்குச் சொல்லி, அன்று சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பினாள்.

"அடுத்த ஜனவரி?" என்றார் ஓனோஃப்ரே.

"போன் பண்றேம்பா."

வீட்டுக்கு வந்து, யாரும் படுக்காத ஊஞ்சல் துணியை அவிழ்த்து மடித்து வைத்தார்.