கரண்டா, மயக்கமா

மதியம் சாப்பிட்டுவிட்டு மேசைக்குத் திரும்பியபோது, கைப்பேசியில் அக்காவின் செய்தி வந்திருந்தது. "அம்மா. பிளாக்அவுட். ஒடனே வா." அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் கரண்ட் போனாலும் பிளாக்அவுட்தான், ஆள் மயங்கி விழுந்தாலும் பிளாக்அவுட்தான். வேறு வீடாக இருந்தால், கரண்டாகத்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். ஆனால் அம்மாவுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. ரெங்கம் என்ற சிற்றூரில், அக்கா வீட்டில் ஆக்சிஜன் மெஷினோடு இருந்தார். கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும்.

திரும்பத் திரும்ப அழைத்தேன். அக்கா எடுக்கவில்லை. மேலாளரிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. காரை எடுத்துக்கொண்டு நான் வேலை பார்க்கும் ஸ்கூடாயை விட்டுக் கிளம்பிவிட்டேன்.

நெடுஞ்சாலையில் மழை கொட்டியது. லாரிகள் வாரியடித்த தண்ணீரில் முன்கண்ணாடி வெள்ளையாகிப் போனது. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தேன். ரெங்கம் கடைத்தெருவில் ஒரு கடையிலும் விளக்கில்லை. அப்படியானால் கரண்ட்தான். அதை நினைத்ததும் காரை இன்னும் வேகமாக ஓட்டினேன்.

அக்கா வீட்டு கேட் பூட்டியிருந்தது. கத்திக் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு அத்தை குடையோடு ஓடி வந்தார்.

"ஆம்புலன்ஸ் வந்து குளுவாங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்கம்மா. ஒங்க அக்காவும் கூடப் போச்சு. அவசரத்துல போன வீட்டுக்குள்ளயே வச்சிருச்சு போல, அடிச்சிக்கிட்டே இருக்கு."

"அம்மாவுக்கு மூச்சு இருந்துச்சா அத்தை?"

"தெரியலம்மா. மொகத்த மூடியிருந்தாங்க."

எதைக் கொண்டு மூடியிருந்தார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

குளுவாங் போய்ச் சேரும்வரை வாய்விட்டு அழுதுகொண்டே ஓட்டினேன். ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில், ஒரு கட்டிலருகே அக்கா நின்றிருந்தார். அம்மாவின் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் இருந்தது. கண் மூடியிருந்தாலும் நெஞ்சு ஏறி இறங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கே மூச்சு வந்தது.

இளம் மருத்துவர் ஒருவர் அக்காவிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: "பிளாக்அவுட் எவ்வளவு நேரம் இருந்தது?"

"ஒரு மணி நேரத்துக்கு மேல, டாக்டர்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "அவ்வளவு நேரமா நினைவில்லாமல் இருந்தார்? மூளையை உடனே ஸ்கேன் செய்ய வேண்டும்" என்று நர்ஸைக் கூப்பிட்டார்.

அம்மா இனி எங்களை அடையாளம் கண்டுகொள்வாரா என்று பயந்துபோனேன். அக்காவின் கையைப் பிடித்தேன். "அக்கா, அம்மா எவ்ளோ நேரம் கண்ணு தொறக்காம இருந்தாங்க?"

"கண்ணா? ரெண்டு மூணு நிமிஷந்தான். கரண்ட் போய் மெஷின் நின்னதும் எழுந்திரிச்சு நடந்துட்டாங்க, அப்படியே மயங்கி விழுந்துட்டாங்க. ஸ்பேர் ஆக்சிஜன் சிலிண்டர தொறந்து மாட்டுனதும் முழிச்சிட்டாங்க. ஒரு மணி நேரம்னு நான் கரண்ட் இல்லாத நேரத்தத்தான் சொன்னேன்."

மருத்துவரிடம் நான் விளக்கிச் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டு, எழுதியதை அடித்தார். ஆனாலும், விழுந்தவர் என்பதால் ஸ்கேன் எடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லும்வரை நானும் அக்காவும் ஸ்கேன் அறை வாசலிலேயே நின்றிருந்தோம்.

சில நாளில் அம்மா வீடு திரும்பினார். இப்போதும் இடி இடித்தால் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. உடனே அக்காவை அழைப்பேன். நான் வாய் திறப்பதற்குள், "கரண்ட் இருக்கு, அம்மா டிவி பாக்குறாங்க" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுவார்.