ரத்தம் ஏறுவதற்கு ஒரு முட்டை

நான் பிறவியிலேயே கோபக்காரி என்றுதான் நாற்பது வயதுவரை நினைத்திருந்தேன். எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்திலும் அப்படித்தான் பேச்சு. "அவகிட்ட காலையில வாயக் குடுத்துறாத" என்று புதுசாக வந்த மருமகள்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். வாயைக் கொடுத்தவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போனார்கள், அதை மறுக்கவில்லை.

ஆனால் என் காலைப்பொழுது எப்படி என்று ஒருத்தராவது கேட்டார்களா? இருட்டோடு எழுந்து அடுப்பு மூட்டி, பால் சேர்க்காத தேத்தண்ணி, அதுதான் சாயத்தண்ணி, ஊற்றி, தேங்காய் துருவி, ரொட்டி தட்டி, சம்பல் இடித்து, மூன்று முட்டை அவித்து வைப்பேன். ஒன்று என் வீட்டுக்காரருக்கு, ஒன்று கஹவத்தை டவுனில் ஆட்டோ ஓட்டும் மகனுக்கு, ஒன்று பரீட்சைக்குப் படிக்கிற மகளுக்கு. நான் ஒரு கோப்பை சாயத்தண்ணியை நின்றபடியே ஊற்றிக்கொண்டு றப்பர் மலைக்கு ஓடுவேன். வெயில் ஏறுவதற்குள் மரங்களில் பால் வெட்டி முடிக்க வேண்டும். வெட்டி முடித்து, சிரட்டையில் பால் சொட்டுகிற நேரத்தில்தான் மரத்தடியில் ரொட்டியைப் பிரிக்க முடியும். வானம் கறுத்தால் அதுவும் கிடையாது. மழைத்தண்ணீர் விழுவதற்குள் பாலை எடுக்க வேண்டும் என்று கங்காணி கத்துவார். கட்டிக்கொண்டு போன ரொட்டி கட்டினபடியே வீட்டுக்குத் திரும்பும்.

இப்படி இருக்கும்போதுதான் மாதம்தோறும் ரத்தம் நிற்காமல் போக ஆரம்பித்தது. கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிட வேண்டும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். ஆனால் உடம்பில் ரத்தம் போதாது, அது ஏறாமல் ஆபரேஷன் செய்ய முடியாது, விட்டால் உயிருக்கே ஆபத்து என்றும் சொன்னார். ரத்தம் ஊற மாத்திரை கொடுத்தார்கள். ஒருநாள் தவறாமல் விழுங்கினேன். அடுத்த கிளினிக்கில் பார்த்தால் ஏறவில்லை. அதற்கடுத்த கிளினிக்கிலும் ஏறவில்லை. அங்கிருந்த தாதி, நாங்கள் மிஸ் என்போம், என் முகத்தைப் பார்த்து, "பொரு கியன்ன எபா அம்மே" என்றார். பொய் சொல்லாதே என்கிறார்! மாத்திரையைக் குப்பையில் போடுகிறேனாம்!

எனக்கு வந்ததே கோபம். சிங்களம் நமக்குத் தெரியாதா என்ன, நன்றாகவே திருப்பிக் கொடுத்தேன். ஒவ்வொரு மாத்திரையையும் விடிகாலையில் தேத்தண்ணியோடு விழுங்குகிறேன், வேண்டுமானால் என் லயத்துக்கு வந்து கேளுங்கள் என்றேன்.

மிஸ் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "தே எக்கத?" என்றார். தேத்தண்ணியோடா?

பிறகு அவரே தலையில் கைவைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். தேத்தண்ணி அந்த மாத்திரையின் சத்தை உடம்பில் சேரவிடாதாம். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தேத்தண்ணியே கூடாது, தேசிக்காய் பிழிந்த தண்ணீரோடு விழுங்கு என்றார். வேலைக்குப் போகுமுன் உட்கார்ந்து சாப்பிடு, முட்டை சாப்பிடு, அவித்த பயறு சாப்பிடு, கீரை சாப்பிடு. வெறும் வயிற்றோடு மலை ஏறினால் தலை சுற்றும், எரிச்சல் வரும், கண்ணில் படுகிறவர்கள் மேல் எல்லாம் பாயத் தோன்றும் என்றார். என்னைப் பார்த்துதான் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சுற்றிச் சுற்றித் தேயிலையும் றப்பரும் தவிர வேறொன்றும் இல்லாத ஊர். எங்கள் லயத்தில் இந்த மாத்திரை விழுங்காத பொம்பளை குறைவு, அத்தனை பேரும் சாயத்தண்ணியோடுதான் விழுங்குகிறோம். இதை முதல் நாளே வாயைத் திறந்து சொன்னால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? அன்று சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் நின்று வருகிற போகிற எல்லாப் பெண்களிடமும் கத்திச் சொன்னேன்.

வீட்டிலும் சொன்னேன். முட்டை என்றதும் வீட்டுக்காரர், "அதுக்கென்ன, நான் பாத்துக்கறேன்" என்றார். மகள், "காலை வேலைய நான் பாத்துக்கறேம்மா, நீங்க சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள். மறுநாளிலிருந்து விடியுமுன் என் தட்டில் ரொட்டியும் பயறும் ஒரு முட்டையும் இருந்தன. மற்றவர்கள் சாப்பிடும் நேரத்துக்கு நான் மலையில் இருப்பேன். அந்த மனுசன் எனக்கென்று ஒரு முட்டை கூடுதலாக வாங்குகிறார் என்று நினைத்து மனம் குளிர்ந்தேன். அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்னாங்க, விடியறதுக்குள்ள பந்தியா?" என்றாள். பொம்பளை உட்கார்ந்து சாப்பிட்டால் இவர்கள் கண்ணுக்கு அது பந்தி. "ஆமாங்க, நீங்களும் வந்து உக்காருங்க" என்றேன்.

முதலில் சாயத்தண்ணி இல்லாமல் தலை வெடித்தது. பிறகு பழகிவிட்டது. ஏற்றத்தில் மூச்சு வாங்குவது குறைந்தது, பத்து மணிக்குக் கண் இருட்டுவது நின்றது. கங்காணியிடம் சிரித்துப் பேசினேன் என்று கூடப் பால் வெட்டும் பெண்களே கிண்டல் செய்தார்கள். "பரவாயில்லியே, இப்பல்லாம் நீ கடிக்க மாட்டேங்கற" என்றார் வீட்டுக்காரர். நானும் சிரித்தேன்.

அடுத்த கிளினிக்கில் ரத்தம் ஏறியிருந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். மிஸ் என் கையைப் பிடித்து அழுத்தினார். மகளுக்குப் பிடிக்குமே என்று டவுன் பேக்கரியில் சீனி பணிஸ் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் மகள் படுத்துக் கிடந்தாள். பாடசாலையில் காலைக் கூட்டத்தில் நின்றபடியே விழுந்துவிட்டாளாம். அண்ணன்காரன்தான் போய் ஆட்டோவில் கூட்டி வந்திருக்கிறான். உதடு வெளுத்துக் கிடந்தது.

"காலையில என்னாடி சாப்பிட்டே?"

"சாப்பிட்டேம்மா."

"என்னா சாப்பிட்டேன்னு கேக்கறேன்."

"தேத்தண்ணி குடிச்சேன். எனக்குக் காலையில பசிக்கறதில்லம்மா."

வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த மகன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அவ முட்டையத்தானம்மா நீங்க திங்கறீங்க" என்றான். மழை வருகிறது என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னான்.

இத்தனை நாளும் நான் விழுங்கியது என் பிள்ளையின் சாப்பாட்டை! என் உடம்பில் ஏறிய ரத்தம் அவள் உடம்பில் குறைந்திருக்கிறது. வேலை முடிந்து வந்த வீட்டுக்காரரை வாசலிலேயே நிறுத்தினேன்.

"அவளாத்தான் குடுத்தா. நானா புடுங்கினேன்? ஒனக்கு ரத்தம் ஏறணும்னுதானே?" என்றார்.

"அவளுக்குக் குடுக்கத் தெரிஞ்சுச்சுல்ல, ஒங்களுக்கு ஏன் தெரியல? இந்தா, இங்க நிக்கறானே, இவனுக்கு ஏன் தெரியல?"

லயமே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும். மிஸ் சொன்னதுபோல் பசியில் வருகிற எரிச்சல் அன்று இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்டவள் நன்றாக யோசித்துப் பட்ட கோபம், அது இறங்கவே இல்லை.

மறுநாள் விடியுமுன் நானே அடுப்படியில் நின்றேன். அன்று வீட்டில் மிச்சம் இருந்த முட்டை இரண்டுதான். ஒன்றை என் தட்டில் வைத்தேன், ஒன்றை மகள் தட்டில். அவள் பாதியைப் பிய்த்து என் பக்கம் தள்ளினாள். "தின்னுடி!" என்று போட்ட சத்தத்தில் மகன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன்.

வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தார். தட்டில் ரொட்டியும் சம்பலும் இருந்தன. ரொட்டியைப் புரட்டிப் பார்த்தார். "எனக்கு?" என்றார்.

"ஒங்களுக்குத்தான் ரத்தம் நல்லா இருக்கே" என்றேன்.